எண்ணிய பின் என்ன செய்யப்போகிறோம்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காட்டுயிர்க் கணக்கெடுப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். புலி, யானை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பேச்சு வாத்தைப் பற்றியது. நம் ஏரி வாத்தும் அல்ல. வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுடப்படும் வாத்து. நான் துப்பாக்கியைத் தொட்டவன் அல்ல. புள்ளியியல் படித்து, அதையே சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லாத நாட்டில் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காட்டுயிர்களை எண்ணும் வேலைகளில் மிக நீண்ட காலமாக, மிகப் பெரிய பரப்பில், ஒரே முறையில் நடந்துவருவனவற்றுள் ஒன்று இந்த வாத்துக் கணக்கு. புலிக்குக் கிடைக்காத கவனம் வாத்துக்குக் கிடைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தில் நமக்கும் பாடம் உண்டு.

மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய வலசைப் பாதையில் உரிமம் பெற்ற ஒரு வேட்டைக்காரர் இப்போதைய விதிப்படி பருவத்துக்கு 60 நாள் வாத்து சுடலாம். நாளொன்றுக்கு ஆறு. அந்த ஆறில் மல்லார்டு எனப்படும் பச்சைத்தலை வாத்து நான்குக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த நான்கில் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. அறுபது, ஆறு, நான்கு, இரண்டு. இந்த எண்களை யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்பதுதான் நம் கேள்வி.

வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பறவையைச் சுட்டுப் பீப்பாயில் அடைத்து நகரச் சந்தைக்கு ரயிலேற்றுவது பெரிய தொழில். வானத்தையே மறைத்துப் பறந்த பயணப்புறா, பல நூறு கோடி இருந்த இனம், 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் மார்த்தா என்ற கடைசிப் பறவையோடு முடிந்துபோனது. 1916இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் வலசைப் பறவைகளுக்காக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1918இல் அது சட்டமாயிற்று. எந்த வலசைப் பறவையையும் ஆண்டுக்கு மூன்றரை மாதத்துக்கு மேல் வேட்டையாடக்கூடாது என்ற உச்சவரம்பு அப்போது வந்தது. இன்றும் அதுவே உச்சவரம்பு. பிறகு 1930களின் வறட்சி. குட்டைகள் வற்றின, வாத்து குறைந்தது. ரூஸ்வெல்ட் அரசு இதற்குப் பொறுப்பான துறைக்குத் தலைவராக நியமித்தது ஒரு பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரரை, அதுவும் எதிர்க்கட்சிக்காரரை. ஜே நார்வுட் டார்லிங் என்பது அவர் பெயர். வேட்டைக்காரர்கள் ஒரு டாலருக்கு வாங்கியே தீரவேண்டிய வாத்துத் தபால்தலை 1934இல் வந்தபோது அதற்குப் படம் வரைந்தவரும் அவரே. இன்று அதன் விலை 25 டாலர். அந்தப் பணத்தில்தான் ஈரநிலங்கள் வாங்கப்படுகின்றன. துறைத் தலைவரே தபால்தலைக்குப் படம் வரைந்து கொடுத்த கதையை நம் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இது. கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பிரெடெரிக் லிங்கன் என்பவர் 1920இல் அமெரிக்க அரசின் பறவை வளையப் பணிக்குப் பொறுப்பேற்றார். பறவையைப் பிடித்து, எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டி விட்டுவிடுவது வேலை. சுட்டவர் வளையத்தைக் கண்டால் எழுதித் தெரிவிப்பார். பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிவதற்காகத் தொடங்கிய ஏற்பாடு. 1930இல் லிங்கன் வெளியிட்ட சிறு அறிக்கையில் அதை வைத்தே வேறொரு கணக்குப் போட்டார். 5,000 வாத்துக்கு வளையம் மாட்டினோம். அந்தப் பருவத்திலேயே 600 வளையம் திரும்பி வந்தது என்று வையுங்கள். நூற்றுக்குப் 12. அதே பருவத்தில் நாடு முழுக்கச் சுடப்பட்ட வாத்து 50 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அந்த 50 லட்சமும் மொத்த வாத்தில் நூற்றுக்குப் 12 ஆகத்தானே இருக்க வேண்டும்? ஆக மொத்தம் சுமார் 4 கோடியே 20 லட்சம். ஒரு வாத்தைக்கூட நேரில் எண்ணாமல் ஒரு கண்டத்து வாத்தை எண்ணிய கணக்கு இது.

லிங்கனுக்கு முன்பே டென்மார்க்கில் பீட்டர்சன் மீனுக்கு அடையாளமிட்டு இப்படிச் சிந்தித்திருந்தார். அவருக்கும் நூறாண்டு முன்னால் பிரான்சில் கணிதவியலாளர் லாப்லாஸ், பிறப்புப் பதிவேட்டையும் சில ஊர்களின் மக்கள்தொகையையும் விகிதம் பார்த்து, நாட்டின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 83 லட்சம் என்று சொல்லியிருந்தார். மூன்றும் ஒரே கணக்கு. எட்டாம் வகுப்பு விகிதம், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. சிக்கல் ஆட்களிடம். லிங்கனின் கணக்கில் வளையத்தைக் கண்ட ஒவ்வொருவரும் தெரிவித்துவிடுவார் என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மூவரில் ஒருவர்தான் தெரிவித்தார் என்றால் உண்மையில் சுடப்பட்ட வளைய வாத்து 600 அல்ல, 1,800. நூற்றுக்கு 36. அப்போது மொத்த வாத்து 4.2 கோடியிலிருந்து 1.4 கோடிக்கு இறங்கிவிடும். ஆட்களின் சோம்பலால் 2 கோடியே 80 லட்சம் வாத்து காகிதத்தில் பிறந்து பறக்கிறது! இது வெறும் வகுப்பறை உதாரணம் அல்ல. 1980களின் இறுதியில் ஆராய்ந்தபோது உண்மையிலேயே மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வளையங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது அழகானது. ஒரே இடத்தில், ஒரே நாளில் பிடித்த வாத்துகளில் சிலவற்றுக்கு வழக்கமான வளையம். சிலவற்றுக்கு மட்டும் ‘தெரிவித்தால் 100 டாலர்’ என்று பொறித்த வளையம். நூறு டாலரை யாரும் விடமாட்டார்கள். ஆகவே பரிசு வளையம் முழுவதும் திரும்பும். இரண்டு வகையும் திரும்பிவரும் விகிதத்தை ஒப்பிட்டால், சாதா வளையத்தில் எத்தனை மறைகிறது என்று தெரிந்துவிடும். பிறகு 1990களில் வளையத்திலேயே கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைப் பொறித்தார்கள். பத்தில் ஏழு என்ற அளவுக்குத் தெரிவிப்பது உயர்ந்தது. கடிதம் எழுதி உறையில் போட்டுத் தபால் பெட்டிக்கு நடக்கும் சோம்பலை ஒரு தொலைபேசி எண் தீர்த்துவிட்டது. மறைந்த வளையமெல்லாம் குப்பைக்குப் போனதாகவும் எண்ணிவிட வேண்டாம். வாத்தை அழைக்கும் ஊதுகுழலைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிடும் கயிற்றில் அந்த வளையங்களைக் கோத்து மாட்டிக்கொள்வது அங்கே பெருமை. எத்தனை வளையம் தொங்குகிறதோ அத்தனை மதிப்பு.

இப்போது வானத்துக்குப் போவோம். 1947இல் சோதனையாகத் தொடங்கி 1955 முதல் ஒரே முறையில் நடக்கும் விமானக் கணக்கெடுப்பு இது. ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் சிறு விமானங்கள் புறப்படும். ஓட்டுநரே உயிரியலாளர், பக்கத்தில் இன்னொருவர். 100 முதல் 150 அடி உயரம்தான். மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர் வேகம். வரைபடத்தில் கிழித்த நேர்கோட்டில் பறக்க வேண்டும். ஓட்டுபவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம். ஆளுக்கு 200 மீட்டர் அகலத்துக்குள் தெரியும் வாத்துகளை இனம் பிரித்து வாயால் சொல்லிக்கொண்டே போவார்கள், அது பதிவாகும். தென்னை உயரத்தைக் கொஞ்சம் தாண்டிய இடத்தில் விமானத்தையும் ஓட்டிக்கொண்டு, கீழே எழும்பும் பழுப்புப் பறவை எந்த இனம் என்று ஒரு நொடியில் முடிவு செய்வதை நினைத்துப் பாருங்கள். இந்தப் பணியில் விமானம் விழுந்து உயிர்விட்டவர்களும் உண்டு. தொன்றுதொட்டு எண்ணப்படும் பகுதி மட்டுமே ஏறத்தாழ இந்தியாவின் பரப்பு: டகோட்டா மாநிலங்கள், கனடாவின் சஸ்காச்சுவான், மனிடோபா, ஆல்பர்ட்டா, வடக்கே அலாஸ்கா வரை.

எண்ணும் முறையில் ஒரு நுட்பம். குட்டையில் ஓர் ஆண் மல்லார்டு தனியாக நின்றால் அதை ஒன்றாக எழுதமாட்டார்கள். ஒரு சோடியாக எழுதுவார்கள். பெட்டை பக்கத்துப் புல்லில் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் ஸ்காப் வாத்தைப் போன்ற, ஆண்களே மிகுந்த இனங்களில் இந்தச் சலுகை கிடையாது. தனி ஆண் என்றால் தனி ஆண்தான். வானிலிருந்து தப்பியவற்றுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். பறந்த கோட்டின் சில துண்டுகளில், கிட்டத்தட்ட அதே நேரத்தில், தரைக்குழு ஒன்று இடுப்பளவு நீரில் இறங்கிக் கோரையைக் கலைத்து ஒவ்வொரு வாத்தையும் எண்ணும். மேலே 40 தெரிந்த இடத்தில் கீழே 100 இருந்தால், அந்த ஆண்டு அந்தப் பகுதியில் விமான எண்ணை இரண்டரையால் பெருக்க வேண்டும். பெருக்கும் எண் இனத்துக்கு இனம் மாறும். கண் தவறும் என்பதை ஒப்புக்கொண்டு, எவ்வளவு தவறும் என்பதையும் அளந்து வைத்ததுதான் இந்தக் கணக்கெடுப்பின் உயிர். கூடவே நீர் நிற்கும் குட்டைகளையும் எண்ணுகிறார்கள். பழங்காலப் பனிப்பாறைகள் விலகியபோது புல்வெளியில் குழிந்த லட்சக்கணக்கான குட்டைகள் அவை. மே மாதக் குட்டைக் கணக்கு, அந்தக் கோடையில் எத்தனை குஞ்சு பொரிக்கும் என்பதற்கு முன்னறிவிப்பு.

முன்னறிவிப்பு சரியா என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் இறக்கை. தேர்ந்தெடுத்த வேட்டைக்காரர்களுக்கு அரசு தபால் செலவு செலுத்திய உறைகளை அனுப்புகிறது. சுட்ட ஒவ்வொரு வாத்தின் ஓர் இறக்கையை வெட்டி அவர்கள் உறையில் போட்டு அனுப்ப வேண்டும். வந்தவற்றைக் குளிர்ப்பெட்டியில் சேர்த்து வைத்து, குளிர்காலக் கடைசியில் உயிரியலாளர்கள் ஒரு கூடத்தில் கூடி, நீண்ட மேசைகளில் ஆயிரமாயிரம் இறக்கைகளை விரித்து ஒவ்வொன்றையும் படிப்பார்கள். மல்லார்டின் இறக்கையில் நீலப் பட்டை. அதன் இருபுறமும் வெள்ளைக் கோடு. அதை வைத்து இனம். உடம்பை ஒட்டிய உள்சிறகுகள் அகன்று நுனி உருண்டிருந்தால் மூத்த பறவை. ஒடுங்கி, நுனி நைந்து வெளிறியிருந்தால் அந்தக் கோடையில் பொரித்த குஞ்சு. மூத்ததற்கு எத்தனை இளையது என்ற விகிதம் கிடைத்ததும், அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி என்று தெரிந்துவிடும். அனுபவமில்லாத இளம் பறவை எளிதில் குண்டடி படும். ஆகவே விகிதத்தை அப்படியே நம்ப முடியாது. எவ்வளவு எளிதில் படும் என்பதை வளையக் கணக்கிலிருந்து எடுத்துக் கழிக்கிறார்கள். வளையம் இறக்கையைத் திருத்துகிறது, இறக்கை விமானத்தைச் சோதிக்கிறது. ஒரே எண்ணை மூன்று தனி வழிகளில் வந்து பார்ப்பது புள்ளியியல்காரன் கனவில் காணும் ஏற்பாடு.

சரி, எத்தனை வாத்து என்று தெரிந்துவிட்டது. எத்தனை சுடலாம்? இங்கேதான் சண்டை.

செப்டம்பரில் 100 வாத்து. வேட்டையே இல்லையென்றால் அடுத்த வசந்தத்துக்கு 60 மிஞ்சும் என்று வைப்போம். நோய், நரி, பட்டினி என்று 40 போய்விடும். இப்போது 15ஐச் சுடுகிறோம். ஒரு கட்சி சொல்லும்: மீதி 85, அதில் நூற்றுக்கு 60 பிழைத்தால் 51தான். சுட்டது சுட்டதுதான், அது கூடுதல் சாவு. இன்னொரு கட்சி சொல்லும்: நீங்கள் சுட்ட 15ம் எப்படியும் சாகவிருந்த 40க்குள் அடங்கியவை; கூட்டம் குறைந்ததால் மிஞ்சியவற்றுக்குத் தீனியும் இடமும் தாராளம்; வசந்தத்தில் 60 இருக்கும். இது ஈடுகட்டும் சாவு. முதல் கட்சி சரியென்றால் கட்டுப்பாடு உயிர்நாடி. இரண்டாம் கட்சி சரியென்றால், ஓர் எல்லைவரை கட்டுப்பாடு வெறும் சடங்கு. ஆய்வாளர்களான டேவிட் ஆண்டர்சனும் கென்னத் பர்ன்ஹாமும் 1976இல் மல்லார்டு வளையக் கணக்குகளை அலசி, ஓர் எல்லைவரை இரண்டாம் கட்சியின் பக்கம் சான்று இருப்பதாக எழுதினார்கள். வேட்டைச் சங்கங்கள் மகிழ்ந்தன. உயிரியலாளர்கள் பலர் மறுத்தார்கள். ஒவ்வொரு கோடையும் அதிகாரிகளும் மாநிலங்களும் வேட்டைக்காரர்களும் அரசியல்வாதிகளும் சேர்ந்து, அதே எண்களை வைத்துக்கொண்டு, வேறுவேறு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். எண்ணிக்கை துல்லியமாக ஆகியும் சண்டை ஓயவில்லை. இதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

1995இல் அமெரிக்க மீன், வனவுயிர்த் துறை ஒரு காரியம் செய்தது. சண்டையை முடிவுக்குக் கொண்டுவர முயலாமல், சண்டையையே கணக்குக்குள் வைத்துவிட்டது. சாவு கூடுதலா, ஈடுகட்டுவதா என்று இரண்டு கட்சி. நெரிசல் கூடினால் குஞ்சு பொரிப்பது வெகுவாகக் குறையுமா, கொஞ்சமாகக் குறையுமா என்று இன்னும் இரண்டு. பெருக்கினால் நான்கு மாதிரிகள். தொடக்கத்தில் நான்குக்கும் சம மதிப்பு, ஆளுக்குக் கால் பங்கு. ஒவ்வோர் ஆண்டும் நான்கும் ‘அடுத்த வசந்தத்தில் இத்தனை மல்லார்டு’ என்று சோதிடம் சொல்ல வேண்டும். வசந்தத்தில் விமானம் பறந்து எண்ணி வரும். கிட்ட வந்த மாதிரிக்கு மதிப்பு கூடும், தவறியதற்குக் குறையும். பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்ட விதி இது.

முடிவுகளும் முன்கூட்டியே நான்காகக் குறிக்கப்பட்டன: மூடல், இறுக்கம், நடுத்தரம், தாராளம். மிசிசிப்பி வலசைப் பாதைக்கு இறுக்கம் என்றால் 30 நாள், நாளுக்கு மூன்று வாத்து. நடுத்தரம் 45 நாள். தாராளம் 60 நாள், ஆறு வாத்து. பசிபிக் வலசைப் பாதைக்குத் தாராளம் என்றால் 107 நாள், அதாவது உடன்படிக்கை விடும் மூன்றரை மாதம். நோக்கமும் எழுத்தில் இருக்கிறது: காலமெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மிகுதியாகச் சுட வேண்டும்; ஆனால் மல்லார்டு சுமார் 85 லட்சம் என்ற இலக்குக்குக் கீழே இறங்கும்போலிருந்தால் அப்படிச் சுட்டதற்கு மதிப்பைக் குறைத்துப் போட வேண்டும். இவற்றைக் கணினியில் இட்டால் ஓர் அட்டவணை வரும். ஒரு பக்கம் மல்லார்டு எண்ணிக்கை, இன்னொரு பக்கம் கனடியக் குட்டை எண்ணிக்கை. சந்திக்கும் கட்டத்தில் நான்கில் ஒரு சொல். விமானம் எண்ணி வந்ததும் கட்டத்தில் விரல் வைக்க வேண்டியதுதான்.

என் கருத்தில் இந்த ஏற்பாட்டின் பெருமை கணினியில் இல்லை. எண் வருவதற்கு முன்பே முடிவை எழுதி வைத்ததில் இருக்கிறது. எண்ணைப் பார்த்த பிறகு விதி செய்தால், விதி நம் ஆசைப்படி வளையும். 2020, 2021 இரண்டு ஆண்டும் கோவிட் காரணமாக விமானங்கள் பறக்கவே இல்லை. ஆனாலும் குழப்பம் வரவில்லை. மாதிரிகள் சொன்ன கணிப்பை அதே விதியில் இட்டு நடத்தினார்கள். விதி இருந்தால் எண் இல்லாத ஆண்டையும் கடந்துவிடலாம். எண் மட்டும் இருந்து விதி இல்லாத நாடுகளின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

குறையையும் சொல்ல வேண்டும். 1997 முதல் இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாக அட்டவணை ஆண்டுதோறும் ஒரே சொல்லைச் சொல்லிவந்திருக்கிறது: தாராளம். மொத்த வாத்து 4 கோடியே 95 லட்சமாக உச்சம் தொட்ட 2015இலும் தாராளம். வறட்சிக்குப் பின் 3 கோடியே 23 லட்சமாக இறங்கிய 2023இலும் தாராளம். கற்றுக்கொள்வதற்காகக் கட்டிய ஏற்பாட்டில் செயல் மாறவே இல்லையென்றால் கற்பது எப்படி? நெரிசலைப் பற்றிய கேள்வியில் ‘கொஞ்சமாகக் குறையும்’ என்ற பக்கம் தராசு சாய்ந்திருக்கிறது. கூடுதல் சாவா, ஈடுகட்டும் சாவா என்ற மூலக் கேள்விக்கோ இன்னும் தெளிவான வெற்றியாளர் இல்லை. ஒரே மருந்தை ஒரே அளவில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்ததா என்று கேட்பதைப் போன்றது இது.

ஊசிவால் வாத்தின் கதை இன்னும் சுவையானது. நம் வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் வரும் அதே இனம். அங்கே இருப்பது வேறு கூட்டம். 1950களின் நடுவில் அது வட அமெரிக்கக் கணக்கில் ஒரு கோடியை ஒட்டி இருந்தது. 2022இல் 18 லட்சத்துக்கும் கீழே; கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து இல்லாத தாழ்வு. காரணம் துப்பாக்கி அல்ல. ஊசிவால், அறுவடை முடிந்த கோதுமைத் தாளுக்கு நடுவே கூடு கட்டும். உழவு வரும்போது முட்டை போய்விடும். அண்மை ஆண்டுகளில் நாளுக்கு ஒரு ஊசிவால் என்று இருந்த வரம்பு 2025-26 பருவத்தில் மூன்றாக உயர்ந்தது. இனம் தாழ்ந்து கிடக்கும்போது வரம்பை உயர்த்துகிறார்களே என்று கோபம் வருவது இயல்பு. எனக்கும் நெருடுகிறது. ஆனால் சுடுவதால் இந்த இனத்துக்குப் பெரிய பாதிப்பில்லை என்று மாதிரி சொல்கிறது. அது உண்மையா என்று பார்க்கச் சில ஆண்டு மாற்றிச் சுட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மல்லார்டில் நடக்காத சோதனை இது. முடிவு தவறினால் அதையும் இறக்கைகளே சொல்லிவிடும்.

தலைகீழான சோதனையும் ஒன்று உண்டு. பனி வாத்து என்னும் வெள்ளைப் பெருவாத்து, தெற்கே நெல், மக்காச்சோள வயல்களில் சிந்திய தானியத்தைத் தின்று கொழுத்துப் பெருகியது. ஹட்சன் விரிகுடாக் கரையின் புல்லை வேரோடு பிடுங்கித் தின்று நிலத்தைக் களராக்கியது. 1999இல் அமெரிக்கா விதிவிலக்காக வரம்பையே எடுத்துவிட்டது. வசந்தத்திலும் சுடலாம், எத்தனை வேண்டுமானாலும் சுடலாம், மின்னணுக் குரல் போட்டு அழைக்கலாம். பனி வாத்து அடங்கவில்லை. காரணத்தைக் காட்டியது லிங்கனின் பழைய விகிதக் கணக்கு. குளிர்கால எண்ணிக்கை சொன்னதைவிடப் பறவைகள் பல மடங்கு இருந்தன. வேட்டைக்காரர்கள் மலைபோல் சுட்டதாக நினைத்தது மொத்தத்தில் சிறு பங்கு. அனுமதி கொடுப்பதும் குறைப்பதும் ஒன்றல்ல என்று அன்று தெரிந்தது.

இனி நம் நாடு. 1972இல் முதல் புலிக் கணக்கு 1,827 என்றது. காலடித் தடத்தைக் கண்ணாடியில் வரைந்து, தடத்தை வைத்தே தனிப்புலியை அடையாளம் காண முடியும் என்ற நம்பிக்கையில் முப்பதாண்டுக்கும் மேல் எண்ணினார்கள். எத்தனை புலி கண்ணில் தப்பியது என்று அளக்க அந்த முறையில் வழியே கிடையாது. தப்பவில்லை என்பதே அதன் அடிப்படை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2004 வரை காகிதத்தில் புலி இருந்தது. 2005 தொடக்கத்தில் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தபோதுதான் நாடு விழித்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே கர்நாடகத்தின் நாகரஹொளேயில் வனவுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த், தானியங்கிக் கேமரா வைத்து, வரிகளைக் கொண்டு தனிப்புலியைப் பிரித்து, லிங்கன் வழிக் கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தார். புலியின் வரிதான் வளையம். மீண்டும் படம் விழுவதுதான் வளையம் திரும்புவது. 2006 முதல் நாடெங்கும் அந்த வழி வந்தது: அப்போது 1,411, 2022இல் 3,682. முறை தேறிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் இந்த எண் 3,000 ஆக இருந்தால் என்ன செய்வோம், 4,500 ஆனால் என்ன செய்வோம் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறோம்? எண் வெளியாகும் நாளில் தலைப்புச் செய்தி. மறுநாள் எல்லாம் பழையபடி. வாத்துக் கணக்கு எழுபதாண்டு ஒழுங்காக நடந்ததற்குக் காரணம் அமெரிக்கர்களின் ஒழுக்கம் அல்ல. அந்த எண்ணை நம்பிப் பல லட்சம் பேர் ஆண்டுதோறும் ஒரு முடிவுக்குக் காத்திருக்கிறார்கள். பிழை வந்தால் கேட்க ஆள் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் இப்போது அப்படி ஒரு முடிவு வந்திருக்கிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி குறித்து 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். மரவள்ளியும் நிலக்கடலையும் ஒரே இரவில் உழுதது போல் ஆகிவிடும் விவசாயியின் பக்கம் நான் நிற்கிறேன், சுடுவதை எதிர்க்கவில்லை. ஆனால் விவாதமெல்லாம் கிலோமீட்டரைச் சுற்றியே நடந்தது. பன்றி ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டி போடும், ஒரு வயதிலேயே ஈனத் தொடங்கும். பனி வாத்தைப் போல, வயலில் தின்று பெருகும் உயிர். சுட்டோம் என்பதால் குறைந்துவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

ஆகவே வனத்துறைக்கு என் வேண்டுகோள் இது. சுடும் ஒவ்வொரு பன்றிக்கும் இடம், நாள், ஆணா பெண்ணா என்பதைப் பதியுங்கள். கீழ்த்தாடையை எடுத்து வையுங்கள்; பல்லைப் பார்த்தால் வயது தெரியும், அதுதான் நமக்கு இறக்கை. சுட்ட ஊரிலும் சுடாத ஊரிலும் பயிர்ச்சேத மனுக்கள் எத்தனை என்று ஒப்பிடுங்கள். சேதம் எவ்வளவு குறைந்தால் நிறுத்துவோம், இரண்டாண்டில் குறையாவிட்டால் எதை மாற்றுவோம் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி மக்கள் பார்க்க வெளியிடுங்கள். செலவு பெரிதல்ல. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் யாராவது ஒரு வட்டாரத்தில் இந்தப் பதிவேட்டை எடுத்து நடத்த முன்வந்தால், கணக்குப் போட்டுத் தர நான் வருகிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள்.